ஒரே சுவிட்சில் இரண்டு நிர்வாகிகள்: அமைவு மாற்றங்கள் ஒன்றையொன்று அழிக்காமல் காப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது. நான்கு பேர் கொண்ட நெட்வொர்க் குழுவில் இருவர் ஒரே இரவில் ஒரே கோர் சுவிட்சின் ஆக்சஸ் லிஸ்டை, அதாவது எந்தப் போக்குவரத்தை விடுவது, எதை மறுப்பது என்ற விதிப் பட்டியலை, திருத்தியிருக்கிறார்கள். சுவிட்ச் சிஸ்கோ நிறுவனத்தின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் ஓடுகிறது. காலையில் பார்த்தபோது முதலாமவர் சேர்த்த வரிகள் காணாமல் போயிருந்தன. சாதனம் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. ஒருவர் அமைவை மாற்றிக்கொண்டிருக்கும்போது மற்றவர் நுழையாதபடி தடுக்க வழி உண்டா, தொலைவிலிருந்து உள்நுழையும் வழிகளான விடிஒய் லைன்களை ஒன்றாகக் குறைத்துவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டளைகளை நாம் வாயால் சொல்லும் ஒலிப்பிலேயே எழுதுகிறேன்.

வழி உண்டு. ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் சாதனங்களிலும் ஏதோ ஒரு வகைப் பூட்டு இருக்கிறது, அதை நீங்கள் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் உங்களுக்கு அன்றிரவு நேர்ந்த இழப்பை அந்தப் பூட்டு மட்டும் தடுத்திருக்காது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் பூட்டை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால், அடுத்த மாதம் இதே கேள்வியோடு திரும்பி வர நேரிடும்.

நடந்ததை நிதானமாக ஓட்டிப் பாருங்கள். முதலாமவர் பத்து மணிக்கு, நடப்பு அமைவைக் காட்டும் ஷோ ரன் கட்டளையை அடித்து, அந்த ஆக்சஸ் லிஸ்டை நகலெடுத்து நோட்பேடில் வைத்துக்கொள்கிறார். பத்தே காலுக்கு இரண்டாமவரும் அதையே செய்கிறார். பத்தரைக்கு முதலாமவர் பழைய பட்டியலை நோ போட்டு நீக்கிவிட்டு, தம்முடைய புதிய வரிகளோடு முழுப் பட்டியலையும் ஒட்டிவிட்டு வெளியேறுகிறார். பதினொன்றுக்கு இரண்டாமவர் அதே முறையில் தம்முடைய நகலை ஒட்டுகிறார். அவருடைய நகல் பத்தே காலுக்கு எடுத்தது. அதில் முதலாமவரின் வரிகள் இல்லை. இந்த ஒரு மணி நேரத்தில் இருவரும் ஒரே சமயத்தில் கான்ஃபிகர் டெர்மினல் என்ற திருத்தும் நிலைக்குள் இருந்த தருணம் ஒன்றுகூட இல்லை. ஆகவே பூட்டு இருந்திருந்தாலும் அது இருவரையும் முறைப்படி வரிசையாக உள்ளே விட்டிருக்கும், இழப்பும் அப்படியே நடந்திருக்கும். தரவுத்தளத் துறையினர் இதைத் தொலைந்த திருத்தம் என்ற பெயரில் பல பத்தாண்டுகளாக அறிவார்கள். மோதல் எழுதும் கணத்தில் மட்டும் நிகழ்வதில்லை. ஒருவர் படித்த கணத்திற்கும் அவரே எழுதும் கணத்திற்கும் நடுவில், அவர் அறியாமல் உலகம் மாறிவிடுகிறது. எனவே பூட்டு பாதுகாக்க வேண்டிய காலம், அமைவைப் பார்க்கத் தொடங்கும்போதே ஆரம்பித்து, மாற்றத்தைச் சரிபார்த்துச் சேமிக்கும்வரை நீள வேண்டும். அப்படி நீட்ட முடியாத இடத்தில், எழுதுவதற்கு முன் நான் பார்த்தது இன்னும் அப்படியேதான் இருக்கிறதா என்று சோதிக்கும் ஏற்பாடாவது வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் அனைத்தும் இந்த இரண்டில் ஒன்றைச் செய்வதற்கான வழிகளே.

இருவரும் உண்மையிலேயே ஒரே நேரத்தில் ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஐஓஎஸ்ஸில் ஒரு இன்டர்ஃபேஸ் சுட்டும் ஆக்சஸ் லிஸ்ட் நீக்கப்பட்டுவிட்டால், அந்த இன்டர்ஃபேஸ் எல்லாப் போக்குவரத்தையும் அனுமதிக்கும். பட்டியலின் முதல் வரி மீண்டும் ஏறிய நொடியிலேயே, கண்ணுக்குத் தெரியாத கடைசி மறுப்பு வரி உயிர்பெற்று, இன்னும் ஏறாத வரிகளுக்குரிய போக்குவரத்து அனைத்தும் தடைபடும். ஒருவர் பாதி ஒட்டிய நிலையில் மற்றவரின் நோ கட்டளை வந்து விழுந்தால், முதல் பாதி போய்விடும், இரண்டாம் பாதியும் புதிய பட்டியலும் கலந்து ஏறும். அந்தக் கலவையை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் முழுப் பட்டியலையும் நீக்கி ஒட்டும் பழக்கத்தையே கைவிடுங்கள் என்று பல காலமாகச் சொல்லிவருகிறேன். பெயரிட்ட ஆக்சஸ் லிஸ்டில் வரிசை எண் கொடுத்து, தேவையான ஒரு வரியை மட்டும் இடையில் செருகலாம், ஒரு வரியை மட்டும் நீக்கலாம். நெட்வொர்க்கின் மெய்நிகர் உட்பிரிவுகளான விலான்கள் பலவற்றைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டிலும் இதே கதைதான்: அனுமதித்த விலான்களின் முழுப் பட்டியலையும் திரும்ப எழுதுவதற்குப் பதிலாக, ஆட் என்ற சொல்லோடு புதிய விலானை மட்டும் சேர்த்தால், சக ஊழியர் ஐந்து நிமிடம் முன்பு சேர்த்த விலான் உங்கள் கட்டளையால் அழியாது. சேர்க்க வேண்டியதை மட்டும் சொல்லும் கட்டளைகள், பூட்டே இல்லாத இடத்திலும் மோதல்களில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடும்.

உங்கள் சாதனத்தின் இயல்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். வழக்கமான ஐஓஎஸ்ஸில் ஒவ்வொரு வரியும் என்டர் தட்டிய உடனே, ஓடிக்கொண்டிருக்கும் அமைவான ரன்னிங் கான்ஃபிகில் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. உங்கள் மாற்றம், அவர் மாற்றம் என்று பிரித்துக்காட்ட அங்கே எதுவும் இல்லை. இதன் விளைவு சேமிக்கும் இடத்தில்தான் கடுமையாகத் தெரியும். ரைட் மெமரி என்பது நீங்கள் செய்ததை மட்டும் சேமிக்கும் கட்டளை அன்று. அந்தக் கணத்தில் ரன்னிங் கான்ஃபிகில் இருக்கும் அனைத்தையும், அடுத்த இருக்கையில் இருப்பவர் சோதனைக்காகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் அரைகுறை வரிகள் உட்பட, மறுதொடக்கத்தில் படிக்கப்படும் ஸ்டார்ட்அப் கான்ஃபிகில் எழுதிவிடுகிறது.

இதை நான் நேரிலேயே பட்டு அறிந்தேன். ஆண்டுகளுக்கு முன், தொலைவிலுள்ள கிளையொன்றின் ரூட்டரில் ரூட்டிங் மாற்றம் செய்யும்போது, தொடர்பு அறுந்தால் சாதனம் தானே பழைய நிலைக்குத் திரும்பட்டும் என்று ரீலோட் இன் 10 கொடுத்துவிட்டுத் தொடங்கினேன். தொடர்பும் அறுந்தது, பத்து நிமிடத்தில் ரூட்டர் மறுதொடக்கமும் ஆனது. ஆனால் திரும்பி வந்தது என் தவறான அமைவோடுதான். நான் வேலை செய்துகொண்டிருந்தது தெரியாமல், உள்ளூர் ஊழியர் ஒருவர் கன்சோல் (சாதனத்திலேயே நேரடியாகக் கேபிள் செருகும் இடம்) வழியாக ஒரு போர்ட்டின் விளக்கக் குறிப்பை மாற்றிவிட்டு ரைட் மெமரி கொடுத்திருந்தார். அவர் செய்தது பிழையே அன்று. அவருடைய வேலையை முறையாக முடித்தார். நான் வைத்திருந்த பாதுகாப்பு, வேறு எவரும் சேமிக்கமாட்டார்கள் என்ற அனுமானத்தின் மேல் நின்றிருந்தது, அந்த அனுமானத்தை நான் எவரிடமும் சொல்லவில்லை. இதன் மறுபக்கமும் உண்டு: அவர் சேமிக்காமல் விட்டிருந்தால், என் ரீலோட் அவருடைய மாற்றத்தையும் சேர்த்து அழித்திருக்கும்.

இப்போது இதற்கு மேலான கருவி இருக்கிறது. அமைவின் நகல்களைச் சேமிக்கும் ஆர்கைவ் வசதியை அமைத்துவிட்டு, கான்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 5 என்று நுழைந்தால், ஐந்து நிமிடத்திற்குள் கான்ஃபிகர் கன்ஃபர்ம் கொடுக்காத பட்சத்தில், சாதனம் மறுதொடக்கம் இல்லாமலே முந்தைய அமைவுக்குத் திரும்பும். ஆயினும் அந்தத் திரும்புதலும் முழு அமைவையும் பழைய நகலால் மாற்றுவதே என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் இன்னொருவர் செய்த மாற்றமும் அதோடு போய்விடும். அதனால் டைமரையும் பூட்டையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று அரைப் பாதுகாப்புத்தான்.

ஐஓஎஸ்ஸில் அந்தப் பூட்டின் பெயர் கான்ஃபிகரேஷன் மோட் எக்ஸ்க்ளூசிவ். இதை ஆட்டோ என்று அமைத்தால் யார் கான்ஃபிகர் டெர்மினல் கொடுத்தாலும் பூட்டு தானாக அவர் கைக்குப் போகும். அவர் வெளியேறும்வரை மற்றவர்களுக்கு, பூட்டு இன்னாரிடம் இருக்கிறது, பிறகு முயலவும் என்ற செய்திதான் கிடைக்கும். மேனுவல் என்று அமைத்தால், வேண்டும்போது கான்ஃபிகர் டெர்மினல் லாக் என்று கேட்டுப் பெற வேண்டும். பூட்டை யார் வைத்திருக்கிறார் என்பதை ஷோ கான்ஃபிகரேஷன் லாக் காட்டும். நான்கு பேர் குழுவுக்கு ஆட்டோவே சரி என்பது என் கருத்து. கேட்டுப் பெற வேண்டிய பூட்டை அவசரத்தில் இருப்பவர் கேட்பதில்லை, மோதல்களோ பெரும்பாலும் அவசரத்தில்தான் நடக்கின்றன. ஒரு முன்னெச்சரிக்கை: 12.3(14)டி வெளியீட்டில் வந்த இவ்வசதி, 12.2(33)எஸ்ஆர்இ போன்ற சில பிற்கால வெளியீடுகளில் நீக்கப்பட்டு, பார்சர் கமாண்ட் சீரியலைசர் என்ற வேறொன்று அந்த இடத்தில் வைக்கப்பட்டது. அது கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துமே தவிர, ஒரு நிர்வாகியின் முழு வேலையையும் ஒரு தொகுதியாகக் காக்காது. ஆகவே உங்கள் சாதனத்தின் வெளியீட்டில் எது இருக்கிறது என்று கேள்விக்குறி தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டே கிடைக்காத சாதனத்தில் என்ன செய்வது? ஷோ ரன்னின் தலைப்பகுதியில் கடைசி மாற்றம் எப்போது, எந்தப் பயனரால் நடந்தது என்று ஒரு வரியும், நினைவகத்தில் கடைசியாக எப்போது சேமிக்கப்பட்டது என்று இன்னொரு வரியும் இருக்கும். நகல் எடுக்கும்போது முதல் வரியின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் மறுபடியும் அதைப் பாருங்கள். நேரம் மாறியிருந்தால் உங்கள் நோட்பேட் நகல் பழசாகிவிட்டது. புதிதாக எடுத்துத் திருத்துங்கள். அன்றிரவு இரண்டாமவர் இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் போதும், வேறு எந்த ஏற்பாடும் இல்லாமலே இழப்பைத் தவிர்த்திருக்கலாம். ஷோ யூசர்ஸ் கொடுத்து வேறு யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்ப்பதும் சில நொடி வேலைதான். ஆனால் இவை அனைத்தும், ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரில் உள்நுழைந்தால்தான் பயன் தரும். நான்கு பேரும் அட்மின் என்ற ஒரே கணக்கைப் பயன்படுத்தினால், பூட்டை வைத்திருப்பவரும் அட்மின், கேட்பவரும் அட்மின் என்றாகி, யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்றே தெரியாது. உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் டகாக்ஸ் பிளஸ் சேவையகம் ஒன்றை நிறுவித் தனித்தனிக் கணக்குகளைக் கொடுத்து, தட்டப்படும் ஒவ்வொரு கட்டளையையும் பதிவுசெய்யச் சொல்லுங்கள். ஆர்கைவின் கீழ் லாக் கான்ஃபிகை இயக்கி, நோட்டிஃபை சிஸ்லாக் போட்டால், சாதனத்தில் ஏறும் ஒவ்வொரு அமைவு வரியும் ஏற்றியவரின் பெயரோடு சிஸ்லாக் என்ற நிகழ்வுப் பதிவுக்குப் போகும். கடவுச்சொற்கள் அதில் வெளிப்படாதிருக்க ஹைட்கீஸையும் சேர்க்க மறக்காதீர்கள்.

விடிஒய் லைன்களை ஒன்றாகக் குறைக்கும் யோசனைக்கு வருகிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது மாற்றுவதை மட்டும் தடுப்பதில்லை, பார்ப்பதையும் தடுக்கிறது. ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது மற்றவர் பழுது கண்டறிய ஷோ கட்டளைகள் ஓட்டக்கூட முடியாது. அந்த ஒற்றை லைனில் இருப்பவரின் மடிக்கணினி உறங்கிவிட்டால், அவருடைய அமர்வு காலாவதியாகும்வரை சாதனத்துக்குள் எவரும் தொலைவிலிருந்து போக முடியாது. இயல்பாக அந்தக் காலம் பத்து நிமிடம், ஆனால் எக்ஸெக் டைம்அவுட் 0 0 என்று எவரோ எப்போதோ அமைத்திருந்தால் அதற்கு முடிவே கிடையாது. இவ்வளவு விலை கொடுத்தும் கன்சோல் வழி, நிரல்கள் சாதனத்தை நிர்வகிக்கும் எஸ்என்எம்பி, நெட்கான்ஃப் நெறிமுறைகளின் வழி எல்லாம் திறந்தேதான் இருக்கும். வாசலை அடைப்பதும் வேலையைப் பாதுகாப்பதும் வேறு வேறு.

சாதனம் மாற்றும் வாய்ப்பு எப்போதாவது வந்தால், அமைவை முதலில் வரைவில் எழுதி, பிறகு கமிட் கொடுத்து நடைமுறைப்படுத்தும் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். இதில் ஜூனிப்பரின் ஜூனோஸ் மிகத் தெளிவாகச் சிந்திக்கப்பட்டது. ஆனால் அதன் இயல்பு நிலை பலரை ஏமாற்றியிருக்கிறது. வெறுமனே கான்ஃபிகர் என்று நுழைந்தால், எல்லோருக்கும் பொதுவான ஒரே வரைவுப் பிரதியில்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். நீங்கள் கமிட் கொடுத்தால், சக ஊழியர் எழுதி முடிக்காமல் விட்டிருக்கும் வரிகளும் சேர்ந்தே நடைமுறைக்கு வரும். நுழையும்போதே யார் யார் திருத்திக்கொண்டிருக்கிறார்கள், கமிட் ஆகாத மாற்றம் இருக்கிறதா என்று ஜூனோஸ் சொல்லத்தான் செய்கிறது. அதைப் படிக்காமல் கடப்பதுதான் நம் வழக்கம். கான்ஃபிகர் எக்ஸ்க்ளூசிவ் என்று நுழைந்தால் அந்தப் பொது வரைவு உங்களுக்கு மட்டும் பூட்டப்படும், கமிட் செய்யாமல் வெளியேறினால் உங்கள் மாற்றங்கள் கைவிடப்படும். கான்ஃபிகர் பிரைவேட் என்று நுழைந்தால் உங்களுக்கென்று தனி வரைவு கிடைக்கும், கமிட் செய்யும்போது உங்கள் மாற்றங்கள் மட்டுமே சேரும். இடையில் மற்றவர் கமிட் செய்தவற்றை உங்கள் வரைவுக்குள் கொண்டுவர அப்டேட் என்ற கட்டளை உண்டு.

பலர் அன்றாடம் வேலை செய்யும் இடத்துக்குப் பிரைவேட்டும், பெரிய மாற்றங்களுக்கு எக்ஸ்க்ளூசிவும் பொருந்தும். வெறும் கான்ஃபிகரை, பயனர் உரிமைகளை வரையறுக்கும் லாகின் கிளாஸில் மறுத்துவிடுவதும் நல்லது, ஏனெனில் சிலர் பொது வரைவிலும் சிலர் தனி வரைவிலும் எழுதினால் ஒருவர் மற்றவர் வழியை மறிக்க நேரிடும். ஷோ கம்பேரில் வேறுபாட்டைப் பார்த்து, கமிட் செக்கில் சரிபார்த்து, உறுதிசெய்யாவிட்டால் தானே பழைய நிலைக்குத் திரும்பும் கமிட் கன்ஃபர்ம்டில் இறக்குவது எந்த வழியில் நுழைந்தாலும் பொருந்தும் ஒழுங்கு. கன்ஃபர்ம்டின் இயல்பான அவகாசம் 10 நிமிடம். பழைய அமைவுகள் 0 முதல் 49 வரை எண்ணிட்டு ஐம்பது இருக்கும், எதற்கும் திரும்பலாம்.

சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் இதே குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் ஒரு விஷயத்தை அது எனக்குப் பிடித்த விதத்தில் கையாள்கிறது. நீங்கள் அமர்வைத் தொடங்கிய பிறகு வேறொருவர் கமிட் செய்திருந்தால், நீங்கள் கமிட் கொடுக்கும்போது அதைச் சொல்லி, அந்த மாற்றங்களை இன்ன கட்டளையில் பார்க்கலாம், அப்படியும் தொடர வேண்டுமா என்று கேட்கிறது. இயல்பான விடையை வேண்டாம் என்றே வைத்திருக்கிறது. படித்ததற்கும் எழுதுவதற்கும் இடையில் உலகம் மாறியதை இயந்திரமே கவனித்துச் சொல்லும் ஏற்பாடு இது. ஆகவே அந்தக் கேள்வி வரும்போது ஆம் என்று விரல் பழக்கத்தில் தட்டிவிடாதீர்கள். கான்ஃபிகர் எக்ஸ்க்ளூசிவ் அங்கும் உண்டு. மற்றவர்கள் தம் மாற்றங்களைத் தயாரித்துக்கொள்ளலாம், ஆனால் பூட்டு விலகும்வரை கமிட் செய்ய முடியாது. அரிஸ்டாவில் கான்ஃபிகர் செஷன் என்று பெயரிட்ட அமர்வில் மாற்றங்களைச் சேர்த்து, கமிட் டைமரோடு ஒரே வீச்சில் இறக்கலாம்.

ஃபயர்வால்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலோ ஆல்டோவில் திருத்துவதைத் தடுக்கும் கான்ஃபிக் லாக், கமிட்டைத் தடுக்கும் கமிட் லாக் என இரண்டு தனிப் பூட்டுகள் உள்ளன. கமிட் லாக்கைத் தானாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் அமைப்பை இயக்கிவிடலாம். செக் பாயிண்டின் ஆர்80க்கு முந்தைய மேலாண்மையில் ஒரே நேரத்தில் ஒருவருக்கே எழுதும் உரிமை. ஆர்80 முதல் பலர் இணையாக வேலை செய்யலாம், ஒருவர் திருத்தும் விதி மட்டும் அவர் வெளியிடும்வரை பூட்டியிருக்கும். அதே நிறுவனத்தின் கையா கட்டளை முகப்பில் பூட்டு வேறொருவரிடம் இருக்கும்போது, லாக் டேட்டாபேஸ் ஓவர்ரைடு என்ற கட்டளையைச் சாதனமே எடுத்துக்கொடுக்கிறது. பூட்டியவரைக் கேட்காமல் அதைக் கொடுப்பது, அடுத்தவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குவதற்குச் சமம் என்பதால், அதைக் குழுவில் தெளிவாகத் தடைசெய்யுங்கள். ஃபோர்ட்டிகேட்டில் கான்ஃபிக் டிரான்சாக்‌ஷன் என்ற அமர்வு முறையும், பல சாதனங்களை ஆளும் ஃபோர்ட்டிமேனேஜரில் ஏடாம் என்ற நிர்வாகப் பிரிவைப் பூட்டும் வொர்க்ஸ்பேஸ் முறையும் இருக்கின்றன.

இனி, மனிதர்கள் மட்டும் மாற்றம் செய்யும் காலம் போய்விட்டது. உங்கள் குழுவில் நான்கு பேர் என்றீர்கள். இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் ஏதாவது இருந்தால் அதுதான் ஐந்தாவது நிர்வாகி. அதற்கும் தனிக் கணக்கும் அதே பூட்டு ஒழுக்கமும் வேண்டும். நெட்கான்ஃப் நெறிமுறை இதை 2006இல் ஆர்எஃப்சி 4741 என்ற இணையத் தர ஆவணமாக வந்தபோதே யோசித்து வைத்திருந்தது. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6241 அதைச் செம்மைப்படுத்தியது. லாக் என்ற செயல் முழு அமைவையும் பூட்டுகிறது. அது மற்ற நெட்கான்ஃப் அமர்வுகளுக்கு எதிராக மட்டுமல்லாமல், கட்டளை முகப்பில் இருக்கும் மனிதர்களிடமிருந்தும் எஸ்என்எம்பியிடமிருந்தும் காக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தால், லாக் டினைட் என்ற பிழையோடு பூட்டை வைத்திருக்கும் அமர்வின் எண்ணும் திரும்ப வரும். வரைவில் எவரோ கமிட் செய்யாத மாற்றம் விட்டு வைத்திருந்தால், அந்த வரைவின் மீது பூட்டே கிடைக்காது. மிகவும் பொருள் பொதிந்த விதி அது: அடுத்தவரின் அரைகுறை வேலையின் மேல் உன் வேலையைத் தொடங்காதே என்கிறது. பூட்டியவரின் அமர்வு அறுந்தால் பூட்டு விலகும், வரைவில் அவர் விட்டுவைத்தவையும் கைவிடப்படும். முழு அமைவையும் பூட்டாமல் ஒரு பகுதியை மட்டும் பூட்ட 2009இல் ஆர்எஃப்சி 5717 வழி வகுத்தது. ஆனால் அதை உங்கள் சாதனம் ஆதரிக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டே நம்புங்கள்.

ஒரு மாற்றம் பல சாதனங்களைத் தொடும்போதுதான் பூட்டின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. இரண்டு கோர் சுவிட்சுகளிலும் ஒரே விலானைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் முதல் சுவிட்சைப் பூட்டிவிட்டு இரண்டாவதற்குக் காத்திருக்கிறீர்கள். சக ஊழியர் இரண்டாவதைப் பூட்டிவிட்டு முதலாவதற்குக் காத்திருக்கிறார். இருவரும் விடியும்வரை அப்படியே நிற்கலாம். இதற்கு இரண்டு தீர்வுகளைச் சேர்த்தே கையாள வேண்டும். பூட்டுகளை எப்போதும் ஒரே வரிசையில், உதாரணமாகச் சாதனப் பெயரின் அகர வரிசையில், எடுக்க வேண்டும் என்று எல்லா ஸ்கிரிப்டுகளுக்கும் மனிதர்களுக்கும் விதி வையுங்கள். ஏதாவது ஒரு பூட்டு கிடைக்காவிட்டால், கையில் உள்ள அனைத்தையும் விட்டுவிட்டு, சீரற்ற ஒரு சிறு இடைவெளிக்குப் பின் முதலிலிருந்து தொடங்குங்கள். எல்லாப் பூட்டுகளும் கைக்கு வந்த பிறகு, எல்லா வரைவுகளையும் எழுதிச் சரிபார்த்து, எல்லாவற்றிலும் கன்ஃபர்ம்டு கமிட் கொடுத்து, போக்குவரத்தைச் சோதித்து, பிறகே உறுதிசெய்ய வேண்டும். எங்காவது ஒன்று தவறினால் உறுதி செய்யாமல் விட்டாலே போதும். நெட்கான்ஃபில் இயல்பான 600 நொடிகளில் எல்லாம் பழையபடி திரும்பிவிடும்.

இதே வேலையை எச்டிடிபி வழியே செய்யும் ரெஸ்ட்கான்ஃப் நெறிமுறை வேறு வழியில் போகிறது. அதில் வாடிக்கையாளர் எடுக்கும் பூட்டு இல்லை. 2017இல் வந்த ஆர்எஃப்சி 8040 சொல்வதன்படி, அமைவைப் படிக்கும்போது அதன் அப்போதைய நிலையைக் குறிக்கும் ஈடேக் என்ற அடையாளம் வருகிறது. எழுதும்போது அந்த அடையாளத்தை இஃப் மேட்ச் தலைப்பில் திருப்பி அனுப்பினால், இடையில் அமைவு மாறியிருக்கும் பட்சத்தில் சாதனம் 412 என்ற விடையோடு மறுத்துவிடும். ஷோ ரன்னின் முதல் வரியில் நேரத்தைக் குறித்துவைக்கச் சொன்னேனே, அதையே இயந்திரம் செய்கிறது. இந்தத் தலைப்பை அனுப்பாமல் எழுதும் ஸ்கிரிப்ட், நோட்பேடிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒட்டும் நிர்வாகிக்குச் சமம். ஜிஎன்எம்ஐ என்ற மற்றொரு மேலாண்மை நெறிமுறையிலும் பூட்டு இல்லை. பல கன்ட்ரோலர்கள் போட்டியிடும்போது, தேர்வு எண் பெரியதாக உள்ள ஒன்றை மட்டும் எழுத அனுமதிக்கும் மாஸ்டர் ஆர்பிட்ரேஷன் என்ற நீட்டிப்பு அதற்கு உண்டு.

அமைவின் மூலப்பிரதியைக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வைத்து, சாதனங்களுக்கு அங்கிருந்து மட்டும் அனுப்புவதே சிறந்தது என்று சிலர் சொல்வார்கள். நானும் ஏற்கிறேன், ஏனெனில் இருவர் ஒரே வரியைத் திருத்தினால், எவர் கண்ணிலும் படாமல் அழிவதற்குப் பதிலாக, இணைக்கும்போதே மோதலாக வெளிப்படும். ஆனால் அதிலும் இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஒரே சாதனத்திற்கு இரண்டு பைப்லைன்கள் (மாற்றத்தைத் தானாக அனுப்பும் ஓட்டங்கள்) ஒரே நேரத்தில் ஓடக்கூடாது. கிட்லேபில் ரிசோர்ஸ் குரூப் என்று சாதனத்தின் பெயரைக் கொடுத்தால் அவை வரிசையில் நிற்கும். இரண்டாவது, நள்ளிரவில் பழுது நீக்க எவரேனும் நேரடியாகச் சாதனத்தில் செய்த மாற்றத்தை அடுத்த பைப்லைன் சொல்லாமல் அழித்துவிடும். அனுப்புவதற்கு முன் சாதனத்தின் நடப்பு அமைவை எடுத்து, கடைசியாக அனுப்பியதோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் நிறுத்திவிட வேண்டும். சிஸ்கோவின் நெட்வொர்க் தானியக்கக் கருவியான என்எஸ்ஓ, செக் சிங்க் என்ற பெயரில் இதைத்தான் செய்கிறது. அவ்வளவு பெரிய கருவி இல்லாவிட்டாலும், ஆக்ஸிடைஸ்டு அல்லது ரான்சிட் போன்ற இலவசக் கருவி ஒரு மணிக்கு ஒருமுறை அமைவை எடுத்து வேறுபாட்டை மின்னஞ்சலில் அனுப்பினால், காணாமல் போன வரிகள் காலைவரை காத்திருக்காமல் அன்றிரவே எவர் கண்ணிலாவது பட்டிருக்கும்.

உங்கள் நான்கு பேருக்கு எதை முதலில் செய்வது என்று கேட்டால், தனித்தனிக் கணக்குகளையும் சிஸ்லாக் பதிவையும் முதல் நாளே செய்யுங்கள். அவை இல்லாமல் மற்ற எதையும் சோதித்தறிய முடியாது. அடுத்து, எக்ஸெக் டைம்அவுட்டைப் பத்து நிமிடத்துக்கு மிகாமல் எல்லா லைன்களிலும், கன்சோலிலும்கூட, அமைத்து, அறுந்துபோன இணைப்புகளைக் கண்டறியும் சர்வீஸ் டிசிபி கீப்பலைவ்ஸ் இன் என்பதையும் இயக்குங்கள். இதைப் பூட்டுக்கு முன்பே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இறந்த அமர்வின் கையில் சிக்கிய பூட்டு, உண்மையான பழுது வந்த இரவில் உங்களையே வெளியில் நிறுத்திவிடும். அதன் பிறகு எக்ஸ்க்ளூசிவ் ஆட்டோவை இயக்குங்கள். அதோடு, குழுவின் வாட்ஸ்ஆப்பில் மாற்றம் தொடங்கும்போதும் முடியும்போதும் சாதனத்தின் பெயரோடு ஒரு வரி எழுதும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். நோட்பேடில் நகலெடுக்கும் அந்த அரை மணி நேரத்தைச் சாதனத்தின் பூட்டு காக்காது என்பதால், அந்த ஒரு வரியே அப்போது உங்கள் பூட்டு. தொடங்குகிறேன் என்ற செய்தியை, கான்ஃபிகர் டெர்மினல் கொடுப்பதற்கு முன் அல்ல, ஷோ ரன் எடுப்பதற்கு முன்பே அனுப்ப வேண்டும்.